இந்த வருஷம் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது? முடிவு செய்தது நீங்களா, ஆப்பா?

கோபாலபுரம் என்றதும் சென்னையும் கலைஞர் வீடும் ஞாபகத்துக்கு வந்தால், அது இல்லை. இது பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையில் சோதனைச்சாவடி இருக்கிற கோபாலபுரம். அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி.

இந்த ஊரிலிருந்து தினமும் கோவைக்கு வேலைக்குப் போய்வருகிற ஒருவராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஜன்னலோர சீட், காதில் இயர்போன். டிசம்பர் பிறந்ததும் ஸ்பாட்டிஃபை ‘ராப்டு’ வந்து நிற்கிறது: இதோ உங்கள் டாப் 5 பாட்டு, இதோ உங்கள் டாப் பாடகர். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறீர்கள். யாராவது “இதுவா உனக்கு இந்த வருஷம் பிடிச்ச பாட்டு?” என்று கேட்டால், “அட, அது சும்மா ஓடிட்டே இருந்துச்சுப்பா” என்கிறீர்கள்.

அந்த ‘சும்மா ஓடிட்டே இருந்துச்சு’வில்தான் விஷயமே இருக்கிறது.

ஆப் எதை எண்ணுகிறது?

ஸ்பாட்டிஃபை கணக்கில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால் ஒரு ‘ஸ்ட்ரீம்’. 29-வது விநாடியில் தள்ளிவிட்டால் பூஜ்யம். முழுப் பாட்டையும் கண்மூடிக் கேட்டாலும் ஒன்றுதான், 31 விநாடி ஓடவிட்டு மாற்றினாலும் ஒன்றுதான். நீங்கள் தேடிப்போய்ப் போட்டதா, ஒரு பாட்டு முடிந்ததும் ஆப் தானாக அடுத்து எடுத்துப் போட்டதா என்ற வித்தியாசமும் இந்த எண்ணிக்கையில் தெரியாது. குழந்தையைத் தூங்கவைக்க உங்கள் போனில் தாலாட்டு ஓடியிருந்தால் அதுவும் உங்கள் ரசனைதான்!

இன்னொன்று, கணக்கு டிசம்பர் 31 வரை போவதில்லை. ராப்டு வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பே எண்ணுவதை நிறுத்திவிடுகிறார்கள். மார்கழி சீசன் பார்த்துவிட்டு பத்து நாள் கச்சேரிப் பாட்டாகக் கேட்கிறவர் என்றால், அந்தப் பத்து நாள் உங்கள் வருடத்தில் கிடையாது.

ஒரு ஆப்பில் கேட்டது இன்னொரு ஆப்பில் சேராது என்பதும் முக்கியம். 2025 மே மாதம் ‘தக் லைஃப்’ இசை வெளியீட்டு விழாவில் ‘முத்த மழை’ பாட்டைச் சின்மயி மேடையில் பாடினார். தமிழ் ஆல்பத்தில் அதைப் பாடியிருந்தவர் தீ. மேடை வீடியோ வைரலாகி, எந்தக் குரல் பொருத்தம் என்று வாரக்கணக்கில் சண்டை நடந்தது. (இரண்டுமே நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.) அந்த மேடை வீடியோவை யூடியூபில் 50 தடவை பார்த்திருந்தாலும் ஸ்பாட்டிஃபை கணக்கில் அது ஒரு தடவைகூட வராது. 2024-ல் ஏர்டெல் தனது விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தது. அதில் வருடக்கணக்காகக் கேட்டவர்கள் வேறு ஆப்பில் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

2024-ன் பாட்டு 1991-ல் வந்தது

எல்லை ஊர்க்காரரின் லிஸ்ட் ஏன் சுவாரசியம் என்றால், ஆப்பும் பத்திரிகைகளும் போடுகிற ‘இந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் பாடல்கள்’ என்ற தலைப்பில் இருக்கும் இரண்டு விஷயங்களுமே, ‘இந்த ஆண்டு’, ‘தமிழ்’ இரண்டுமே, அங்கே ஆட்டம் கண்டுவிடுகின்றன.

2024 பிப்ரவரி 22 அன்று ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வெளியானது. கொச்சிப் பக்கத்து நண்பர்கள் கொடைக்கானல் குணா குகைக்குப் போய், ஒருவர் குழிக்குள் விழுந்துவிட, மற்றவர்கள் மீட்ட 2006-ம் ஆண்டு உண்மைச் சம்பவம். இயக்கம் சிதம்பரம், இசை சுஷின் ஷ்யாம். தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகச் செய்திகள் வந்தன. ஒரு மலையாளப் படத்துக்கு அதுவரை இங்கே நடக்காத விஷயம். ஆனால் தியேட்டரில் விசில் பறந்தது 1991 தீபாவளிக்கு வந்த ‘குணா’வின் பாட்டுக்கு. ‘கண்மணி அன்போடு’. வாலி எழுத, இளையராஜா இசையில் கமல்ஹாசனும் எஸ்.ஜானகியும் பாடியது. படத்தில் அது பின்னணிக்காக வைத்த பழைய பாட்டு இல்லை. நண்பனைக் கயிறு கட்டித் தூக்கும் கட்டத்தின் உயிரே அதுதான். காதலுக்கு எழுதிய பாட்டு நட்புக்கு இப்படிப் பொருந்தும் என்று 33 வருஷம் கழித்து ஒரு மலையாள டைரக்டர் நமக்குக் காட்ட வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால் 2024-ன் பாட்டு அதுதான். ஆனால் ‘2024 டாப் தமிழ்’ என்ற எந்த லிஸ்டிலும் அதற்கு இடம் இல்லை, ஏனென்றால் அது வெளியான வருஷம் 1991. அதே ஆண்டு செப்டம்பரில் ‘லப்பர் பந்து’ வந்து, 1989-ன் ‘பொன்மனச் செல்வன்’ படப் பாட்டான ‘நீ பொட்டு வச்ச’வை மீண்டும் கிரவுண்டுக்குக் கொண்டுவந்தது. விஜயகாந்த் மறைந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். 2025-ல் ‘குட் பேட் அக்லி’யால் ‘எதிரும் புதிரும்’ படத்தின் ‘தொட்டுத் தொட்டுப் பேசும் சுல்தானா’ திரும்பி வந்தது. ‘ட்யூட்’ படத்தால் ‘புது நெல்லு புது நாத்து’ காலத்துப் பாட்டு ரீல்ஸில் ஓடியது. புதுப் பாட்டுகளுக்குப் பஞ்சம் என்று அர்த்தமில்லை. ‘அமரன்’ படத்தின் ‘ஹே மின்னலே’, சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’, ‘ரெட்ரோ’வின் ‘கனிமா’, ‘கூலி’யின் ‘மோனிகா’ எல்லாம் நாம் தேய்த்து எடுத்த பாட்டுகள்தானே.

‘தமிழ்’ என்ற வார்த்தைக்கு வருவோம். 2024-ல் ‘ஆவேசம்’ படத்தின் ‘இலுமினாட்டி’ மலையாளப் பாட்டு, ஆனால் அதற்கு ஆடாத தமிழ்க் கல்லூரி விழா அந்த வருஷம் இருந்திருக்குமா? ‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’ தமிழ்ப் பாட்டு, தலைப்பே மலையாளம். அனிருத் இசையில், மறைந்த மலேசியா வாசுதேவனின் குரலை ஏ.ஐ. மூலம் கொண்டுவந்து, அவர் மகன் யுகேந்திரனையும் பாடவைத்த பாட்டு. சென்னையில் கேட்பவருக்கு அந்த மொழிக் கலப்பு ஜாலி. கோபாலபுரத்தில் கேட்பவருக்கு அது டீக்கடைப் பேச்சு.

கோபாலபுரத்துக்கு வடக்கே, அதே பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி மலையிலிருந்து வந்த நஞ்சியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர். 2020-ல் ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்துக்காக ‘களக்காத்த’ பாட்டை எழுதிப் பாடினார். 2022 ஜூலையில் அதற்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு இந்த விருதா என்று சிலர் கேட்டார்கள், அவருக்காகப் பேசியவர்களும் நிறைய. அவர் பாடியது இருள மொழி. தமிழ் தெரிந்த காதுக்குப் பாதிக்கு மேல் புரியும். ஆனால் படம் மலையாளம் என்பதால் பாட்டும் மலையாள வரிசையில்தான். இருளத்துக்கு ஆப்பில் தனி டப்பா எங்கே இருக்கிறது?

இந்தக் கலப்பு புதுசும் இல்லை. நீராரும் கடலுடுத்த தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்த எம்.எஸ்.விஸ்வநாதன் பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928-ல் பிறந்தவர். பி.லீலா பிறந்தது சித்தூரில். இன்னும் தெற்கே, இடுக்கி மலைக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம், இளையராஜாவின் ஊர். எல்லைக் கல் நடப்படுவதற்கு முன்பே பாட்டு அந்த வழியில் போய்வந்துகொண்டிருந்தது.

லிஸ்ட் தப்பாக இருந்தால் என்ன நஷ்டம்?

ஸ்டேட்டஸ் போட்டு மறந்துவிடப் போகிறோம், இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் காசு பிரிகிறது.

நீங்கள் கட்டும் சந்தா, நீங்கள் கேட்ட பாட்டுக்குப் போகிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறோம். அப்படி இல்லை. எல்லோருடைய பணமும் ஒரே உண்டியலில் விழுகிறது. வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குத் தருவதாக ஸ்பாட்டிஃபை சொல்கிறது. அந்தப் பங்கு, மொத்த ஸ்ட்ரீம்களில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது.

சின்னக் கணக்கு ஒன்று. இரண்டே பேர் சந்தாதாரர்கள், ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்டியலில் 133 ரூபாய். நீங்கள் ஒரு சுயாதீனப் பாடகரை மட்டும் 200 தடவை கேட்டீர்கள். இன்னொருவர் ஜிம்மில் நாள் முழுக்க ஓடவிட்டு 1,800 தடவை கேட்டார். மொத்தம் 2,000. உங்கள் பாடகருக்குப் பத்து சதவீதம், அதாவது 13 ரூபாய் சொச்சம். நீங்கள் கட்டிய நூறிலிருந்து உரிமையாளர்களுக்கு என்று ஒதுங்கியதே 66 ரூபாய். மீதி 53 ரூபாய், நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்காத ஜிம் பாட்டுக்குப் போய்விட்டது. உயிராகக் கேட்பவரைவிட ஓடவிடுபவருக்குத்தான் இந்த முறையில் செல்வாக்கு. 2021-ல் சவுண்ட்கிளவுட், கேட்பவரின் காசு அவர் கேட்டவருக்கே போகும் முறையைச் சிறு கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் இன்னும் உண்டியல் பக்கம்தான்.

2024 முதல் இன்னொரு விதியும் வந்தது. கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி கிடையாது. சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் என்பது ஒரு நிமிஷ வேலை. பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ வீட்டு ரூமில் ரெக்கார்ட் பண்ணிப் போடும் பையனுக்கு அது ஒரு வருஷ வேலையாக இருக்கலாம். அவர் பாட்டு உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால், உங்கள் 40 தடவை அவருக்குப் பெரிய விஷயம்.

உண்டியலிலிருந்து வெளியே வந்த காசும் நேராகக் கலைஞர் கைக்குப் போவதில்லை. சினிமாப் பாட்டென்றால் பெரும்பாலும் ஆடியோ கம்பெனிக்குப் போகும். 2012-ல் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் மாநிலங்களவையில் போராடிக் கொண்டுவந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தப்படி, தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அதை அவர்கள் எழுதிக் கொடுத்தும் விட்டுவிட முடியாது. ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு வசூலித்துத் தருகிறது.

பழைய பாட்டு என்றால் சிக்கல் கூடும். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கு 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் அனுமதி வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்றது படத் தரப்பு. 2025-ல் ‘குட் பேட் அக்லி’யில் இளையராஜாவின் மூன்று பாடல்களைப் பயன்படுத்தியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, படமே நெட்ஃபிளிக்ஸிலிருந்து இறங்கியது. “ராஜா சாருக்கு வேற வேலையே இல்லையா” என்று மீம் போடுவது எளிது. ஆனால் ஒரு பாட்டு இரண்டாவது தடவை கோடிகளில் சம்பாதிக்கும்போது அதை உருவாக்கியவருக்கு என்ன என்ற கேள்வி நியாயமானது. பதில் அவரவர் ஒப்பந்தத்திலும் நீதிமன்றத்திலும் இருக்கிறது.

அப்போ நம்ம லிஸ்டை நாமே போடுவது எப்படி?

முன்பெல்லாம் வானொலியின் நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட் கார்டு எழுதியவர், ஒரு பாட்டைத்தான் எழுத முடியும். கார்டு, காசு, காத்திருப்பு. எது என்று யோசித்தாக வேண்டும். ஆப் உங்களுக்காக யோசித்துவிடுகிறது, அதனால் நாம் யோசிப்பதில்லை. முதலில் லிஸ்டைப் பார்க்காமல் பேப்பரில் ஐந்து பாட்டு எழுதுங்கள். பிறகு ராப்டைத் திறந்து ஒப்பிடுங்கள். எனக்கு இரண்டுதான் பொருந்தியது. எழுதிய ஐந்தில் ஒன்று யூடியூபில் கேட்டது, ஒன்று அடுத்தவர் போனில் கேட்டது, இன்னொன்று மொத்தமே ஏழு தடவை கேட்டது.

எக்செல் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. ஸ்பாட்டிஃபை கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில், கணக்கு தொடங்கிய நாள் முதலான முழு ஸ்ட்ரீமிங் வரலாற்றைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வந்துசேர 30 நாள் வரை ஆகலாம், இலவசம்தான். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தப் பாட்டு, எத்தனை விநாடி ஓடியது என்று வரிசையாக இருக்கும். பாதியில் தள்ளியவற்றை நீக்குங்கள், இரவில் தானாக ஓடியவற்றை நீக்குங்கள், மிச்சத்தைப் பாருங்கள். இப்போது அவசரப்பட வேண்டாம். ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பித்தால் மார்கழியும் உள்ளே வந்துவிடும்.