கூடிக் கட்டும் விளையாட்டு

பேச்சு என்பது சொற்களால் மட்டும் ஆவது அன்று. இருவர் உரையாடும்போது கண் பேசுகிறது, முகம் பேசுகிறது, குரலின் ஏற்றமும் இறக்கமும் பேசுகின்றன. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். கேட்பவர் முகம் வாடினால், சொல்பவர் பேச்சை மாற்றிக்கொள்கிறார். இவற்றையெல்லாம் நமக்கு யார் கற்பித்தார்? தாயின் மடியிலும் தெருவில் ஆடிய விளையாட்டிலும் நாம் அறியாமலே கற்றுக்கொண்டோம். நடக்கக் கற்றது எவ்வாறு நினைவில் இல்லையோ, அவ்வாறே இதுவும் நினைவில் இல்லை.

ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் இக்கலை தானே வந்து வாய்ப்பதில்லை. புகைவண்டிகளின் எண்களையும் அவை புறப்படும் நேரங்களையும் பிழையின்றிச் சொல்லும் சிறுவன் ஒருவன் இருக்கலாம். எனினும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாணவனை விளையாட அழைப்பது எப்படி என்பது அவனுக்கு விளங்காது. பிறர் வேடிக்கையாகச் சொன்னதை அவன் மெய்யென்றே கொள்வான். முகம் பார்த்துப் பேசுவது அவனுக்குத் துன்பமாக இருக்கும். இதனை அறியாதவர், ‘இவன் செருக்குடையவன்’ என்று ஒதுக்குவர்; சிலர் எள்ளி நகைப்பர். அவனோ பிறரை வெறுத்தவன் அல்லன். நண்பர் வேண்டும் என்னும் ஆசை அவனுக்கும் இருக்கலாம். அதற்குரிய வழிதான் புலப்படுவதில்லை.

இத்தகைய இயல்புடைய 11 குழந்தைகளைப் பற்றி லியோ கேனர் என்னும் மருத்துவர் 1943-ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். அவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர். அவர் எழுத்தின் வழியே ‘ஆட்டிசம்’ என்னும் பெயர் இவ்வியல்புக்கு நிலைபெற்றது. கிரேக்க மொழியில் ‘தான்’ என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெற்றோரின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர் சிலர் கருதினர். தாய்மார் பலர் செய்யாத குற்றத்திற்குப் பழி சுமந்தனர். ஆட்டிசம் உடைய சிறுவன் ஒருவனின் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்டு ரிம்லாண்டு, 1964-இல் ஒரு நூல் எழுதி அக்கருத்தை மறுத்தார். மூளை வளரும் முறையில் உள்ள வேறுபாடே ஆட்டிசம் என்பதும், அதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் இன்று தெளிவாகியுள்ளன.

ஆட்டிசம் உடையவர் எல்லாரும் ஒரே தன்மையர் அல்லர். பேச்சே எழாதவரும் உளர். ஓயாது பேசுபவரும் உளர். பேசத் தெரிந்தும் பிறரோடு உரையாட இயலாத குழந்தைகளுக்கு உதவுவது எவ்வாறு என்பதே இங்கு நாம் காணும் செய்தி.

ஆசிரியர் ஒருவர் குழந்தையை எதிரே அமர்த்தி, ‘பிறரைக் கண்டால் வணக்கம் சொல், அவர் நலம் கேள், உன் முறை வரும்வரை பொறுத்திரு’ என்று விதிகளைச் சொல்லித் தரலாம். குழந்தை அவற்றை மனப்பாடமும் செய்துவிடும். ஆனால் ஆடுகளத்தில் நான்கு சிறுவர் சூழ்ந்து நிற்கும்போது அப்பாடம் உதவாமற் போவதுண்டு. கரையில் நின்றவாறே கைகால்களை வீசப் பழகியவன் ஆற்றில் இறங்கியதும் திகைப்பது போன்றது இது. நீந்தக் கற்பதற்கு நீர் வேண்டும். உரையாடக் கற்பதற்குத் துணையும், அத்துணையோடு பேசியே தீரவேண்டிய ஒரு வேலையும் வேண்டும்.

இந்த உண்மையைப் பயன்படுத்தியவர் டேனியல் லெகாஃப் என்னும் உளவியல் அறிஞர். 1990-களில் அவர் ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலூலுவில் பணியாற்றினார். அவரிடம் பயிற்சிக்கு வந்த சிறுவர் இருவர் ஒருநாள் காத்திருக்கும் அறையில் சந்தித்தனர். இருவரும் பிறரோடு எளிதில் பழகாதவர். இருவர் கையிலும் லெகோ கட்டைகளால் ஆன பொம்மைகள் இருந்தன. அவற்றைக் கொண்டு அவர்கள் ஒருவரோடொருவர் மகிழ்ந்து பழகுவதை லெகாஃப் கண்டார். குழந்தை தானே விரும்பும் பொருளையே உரையாடலுக்குப் பாலமாக்கினால் என்ன என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது.

லெகோ என்பது டென்மார்க்கு நாட்டு விளையாட்டுப் பொருள். பில்லுண்டு என்னும் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர் 1932-இல் தொடங்கிய பொம்மைத் தொழிலில் பிறந்தது. கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும் இன்றைய அமைப்புக்கு 1958-இல் காப்புரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடிக்கு மேற்பட்ட வகைகளில் இணைக்கலாம். ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர் ஒழுங்கையும் வரையறையையும் விரும்புவர். மனிதர் மனம் நொடிக்கு நொடி மாறும். கட்டையோ நேற்றுப் பொருந்தியது போலவே இன்றும் பொருந்தும். ஆதலால் அவர்கள் உள்ளம் இதில் எளிதில் ஈடுபடுகிறது.

லெகாஃப் வகுத்த முறை எளியது. மூன்று குழந்தைகள் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் பொறியாளர்; கட்டவேண்டிய வண்டியின் அல்லது வீட்டின் படம் அவரிடம் இருக்கும். அவர் கட்டைகளைத் தொடுதல் கூடாது. மற்றொருவர் பொருள் வழங்குவோர். பொறியாளர் சொல்லும் கட்டையைத் தேடி எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. மூன்றாமவர் கட்டுவோர்; படத்தைப் பாராமல், பொறியாளரின் சொல்லைக் கேட்டே கட்டைகளை இணைப்பார்.

இங்கே பேசாமல் வேலை நடவாது. ‘அதைக் கொடு’ என்று பொறியாளர் சொன்னால், எதைக் கொடுப்பது? ‘இரண்டு வரிசையில் எட்டுக் குமிழ்கள் உள்ள சிவப்புக் கட்டை வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்லவேண்டும். விளங்கவில்லையெனில், ‘நீளமானதா, குட்டையானதா?’ என்று மற்றவர் திருப்பிக் கேட்கவேண்டும். கட்டுவோர் பிழை செய்தால், அவர் மனம் நோகாவண்ணம் அதனைச் சொல்லவேண்டும். சற்று நேரத்தில் மூவரும் வேலையை மாற்றிக்கொள்வர். கட்டளையிட்டவர் கேட்பவராகிறார், கேட்டவர் கட்டளையிடுகிறார். தம் மனத்தில் இருப்பது பிறர் மனத்தில் தானாகவே இராது என்னும் அரிய உண்மையைக் குழந்தைகள் இவ்வாறு கைவழியே உணர்கின்றனர்.

உடன் இருக்கும் பெரியவரின் பணி நுட்பமானது. இரு குழந்தைகள் ஒரே கட்டைக்காகச் சண்டையிட்டால் அவர் நீதிபதியாகித் தீர்ப்புச் சொல்வதில்லை. ‘இருவருக்கும் இது வேண்டும் போலும், என்ன செய்யலாம்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். வழி காணவேண்டியவர் குழந்தைகளே. உடைத்தவர் சரிசெய்யவேண்டும், இயலாவிடில் உதவி கேட்கவேண்டும், பிறர் பயன்படுத்துவதைக் கேளாமல் எடுத்தல் கூடாது, முடிவில் அனைத்தையும் ஒழுங்காக அடுக்கிவைக்கவேண்டும். இவையே அங்குள்ள சட்டங்கள்.

இம்முறையின் பயனை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். 47 குழந்தைகளிடம் கண்ட மாற்றங்களை லெகாஃப் 2004-இல் வெளியிட்டார். அவர்கள் முன்னிலும் மிகுதியாகத் தாமே சென்று பிற குழந்தைகளோடு பழகினர்; அப்பழக்கமும் நெடுநேரம் நீடித்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள், 6 முதல் 11 வயதுள்ள குழந்தைகளுக்கு வாரம் ஒரு மணி நேரமாக 18 வாரங்கள் இப்பயிற்சி அளித்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். அதிலும் பழகும் திறனில் முன்னேற்றம் காணப்பட்டது. பின்னர், இங்கிலாந்துப் பள்ளிகளில் ஏறத்தாழ 250 குழந்தைகளைக் கொண்டு ஒரு பேராய்வு நடத்தப்பட்டது. 2023-இல் வெளிவந்த அதன் முடிவின்படி பயன் உண்டு. ஆனால் அது சிறிதே. இதனால் நாம் அறிவது என்ன? இது மந்திரக்கோல் அன்று. பொறுமையோடு செய்தற்குரிய நற்பணி.

இன்னுமோர் உண்மையையும் நாம் மறத்தலாகாது. ஆட்டிசம் உடையவரும் சமூகவியல் அறிஞருமான டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேயர் அதனை 2012-இல் எடுத்துரைத்தார். ஆட்டிசம் உடையவருக்குப் பிறர் உள்ளம் விளங்காதது போலவே, பிறருக்கும் அவர் உள்ளம் விளங்குவதில்லை என்றார் அவர். பாலத்திற்கு இரு கரைகள் உண்டு அன்றோ? ஒரு கரையில் மட்டும் தூண் எழுப்பினால் பாலம் நில்லாது. புகைவண்டியை விரும்பும் சிறுவனிடமிருந்து அவ்விருப்பத்தைப் பறிப்பதும், முகம் பார்க்கக் கூசுபவனை வற்புறுத்திப் பார்க்கச் செய்வதும் உதவி ஆகா. அவன் விரும்பும் பொருளின் அருகே நாம் சென்று அமர்வதே உதவி.

மறுகரையில் தூண் எழுப்பவேண்டியவர் உடன் பயிலும் மாணவரே. உங்கள் வகுப்பிலும் தனித்து நிற்கும் மாணவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம், ‘ஏன் பேசமாட்டாய்?’ என்று கேட்பதால் பயன் இல்லை. படம் வரையும்போதோ, தோட்டத்திற்கு நீர் விடும்போதோ, பந்தலுக்குத் தோரணம் கட்டும்போதோ அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மறுமொழி வரச் சற்று நேரமானால் காத்திருங்கள். அவ்வாறு காத்திருத்தலும் உரையாடலின் ஒரு பகுதியே ஆகும்.