கள்ள நோட்டுக்கு எதிரி, ஒரு பச்சை மை!

ஒரு பச்சை இலையை நீல ஒளியில் மட்டும் வைத்துப் பாருங்கள். ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கனடாவின் கியூபெக் மாநிலத்துக்கு வாருங்கள்.

கனடாவில் மத்திய வங்கி 1935-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன், அரசின் நோட்டுகளோடு தனியார் வங்கிகளின் நோட்டுகளும் புழங்கின. பிரெஞ்சு மொழி பேசும் மக்களும் தமக்கென வங்கிகள் தொடங்கினர். மாண்ட்ரியலில் 1835-இல் தோன்றிய 'பாங்க் து பெப்ள்', அதாவது மக்கள் வங்கி, அவற்றுள் ஒன்று. நோட்டு என்பது, 'கேட்டவுடன் பணம் தருவோம்' என்று வங்கி எழுதிக்கொடுத்த சீட்டுதான். ஆனால் சீட்டை எழுதியது வங்கிதானா, கள்ளனா?

புகைப்படக் கலை வந்ததும் இக்கேள்வி பெரிதாயிற்று. நோட்டில் கறுப்போடு வேறொரு வண்ணத்தையும் அச்சிட்டால் போதாதா? போதாது! அக்காலத் தகடுகள் நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே உணரும். ஆகவே நீல மை படத்தில் வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்துவிடும். பச்சையோ கறுப்பாகவே விழும், படம் குழம்பும். இதற்கும் கள்ளன் வழி வைத்திருந்தான். கறுப்பு மை கரியால் ஆனது; ரசாயனங்களுக்கு எளிதில் அசையாது. ஆகவே வண்ணத்தை மட்டும் கரைத்து நீக்குவான், மீந்த கறுப்பைப் படமெடுப்பான், பிறகு வண்ணத்தைத் தனியே அச்சிட்டுவிடுவான். கெட்டிக்காரன்தான்!

இவனை மடக்கியவர் தாமஸ் ஸ்டெரி ஹன்ட் என்ற வேதியியலர். கியூபெக் நகரின் லவால் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியில் பாடம் நடத்தியவர். 1857-இல் அவர் எடுத்துக்கொண்ட பொருள் குரோமியம் ஆக்சைடு. இந்தப் பச்சைத் தூள் சாதாரண அமிலத்திலும் கரையாது, காரத்திலும் கரையாது. எண்ணெயில் குழைத்து அச்சிட்டுவிட்டால், பச்சையைச் சுரண்ட முயல்பவன் கறுப்பையும் சேர்த்தே இழப்பான். அமெரிக்க நோட்டுகளும் இந்தப் பச்சையைத் தழுவின.

ஆனால் வங்கியே நொடித்தால் மை என்ன செய்யும்? மக்கள் வங்கி 1895-இல் கதவடைத்தது. 1899-இல் வீழ்ந்த 'பாங்க் வில் மரி', அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் நோட்டு வெளியிட்டிருந்தது. அத்தனையும் அசல் நோட்டுகள்! நல்லவேளையாக 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா வங்கிகளும் தம் நோட்டுப் புழக்கத்தில் 5 சதவீதத்தைப் பொது நிதியில் கட்டியிருந்தன. நோட்டு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். சேமிப்புப் போட்டவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை; ஒரே வங்கி, ஒரே வீழ்ச்சி, இருவேறு கதி!

புழக்கத்தில் மீந்திருந்த தனியார் நோட்டுகளின் பொறுப்பை 1950-இல் மத்திய வங்கி ஏற்றுக்கொண்டது.