கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், மருந்துக்கு ஒரு ஃபிரிட்ஜ்

நியூயார்க் நகரம் 1997இல் இயற்றிய ஒரு சட்டத்தில் ஃபிரிட்ஜும் தாழ்ப்பாளும் இடம்பெற்றிருக்கின்றன. எச்.ஐ.வி.யால் உடல் நலிந்து, வீடும் இல்லாமல் நிற்பவருக்கு நகர நிர்வாகம் தரும் இருப்பிடத்தில், உணவையும் மருந்தையும் குளிரில் வைக்க அவருக்கென்று தனி வசதி இருக்க வேண்டும். குளியலறைக் கதவு சரியாகத் தாழிட்டுக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். தேவைப்படுவோருக்குச் சக்கர நாற்காலி நுழைய வழி வேண்டும். 'உள்ளூர்ச் சட்டம் 49' என்று பெயர் பெற்ற அந்தச் சட்டம் இத்தனை சின்ன விவரங்களையும் விடாமல் எழுதிவைத்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை இந்த நோயாளிகளில் பலரை நகரம் தங்கவைத்தது, ஒரு மாடி முழுவதற்கும் பொதுவான கழிப்பறை கொண்ட மலிவு விடுதிகளில். 1996இல் சந்தைக்கு வந்த எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் மாத்திரையை அன்று குளிரில்தான் வைக்க வேண்டியிருந்தது. ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் அந்த மாத்திரையைக் கொடுத்து என்ன பயன்?

வீடு இழப்பது இந்த நோயோடு கூடவே வந்த துன்பம். 1981இல் அமெரிக்க மருத்துவர்கள் முதல் நோயாளிகளைப் பற்றி எழுதிய சில ஆண்டுகளுக்குள், வேலை போய், சேமிப்பு கரைந்து, உறவும் கைவிட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் நியூயார்க்கில் பெருகினார்கள். கூட வாழ்ந்தவர் இறந்ததாலேயே வீட்டை இழக்கும் நிலைக்கு வந்தவர்களும் உண்டு. மிகெல் பிராஷி அப்படி ஒருவர். மன்ஹாட்டனில் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஒரு வீட்டில் தன் இணையர் லெஸ்லி பிளான்சர்டுடன் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். 1986இல் பிளான்சர்டு இறந்ததும், வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயர் இல்லை, வெளியேறு என்றது வீட்டு உரிமையாளர் தரப்பு. பிராஷி வழக்குப் போட்டார். சேர்ந்து வாழ்ந்து, ஒருவரை ஒருவர் தாங்கிய இருவரும் ஒரு குடும்பமே என்று 1989இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பால் எத்தனையோ பேரின் தலைக்கு மேல் கூரை நிலைத்தது.

கூரையே இல்லாதவர்களுக்கு? ஹட்சன் ஆற்றங்கரையில், கிறிஸ்டோபர் தெரு முடியும் இடத்தில் இருந்த பழைய ஓட்டல் ஒன்று 1986இல் பெய்லி-ஹோல்ட் இல்லமாக மாறியது. எய்ட்ஸ் நோயாளிகள் சேர்ந்து வாழ்வதற்கென்றே அந்நாட்டில் எழுந்த முன்னோடி இல்லங்களில் ஒன்று அது. ஆளுக்கொரு அறை, கூடவே கவனிப்பு. மொத்தம் 44 அறைகள். வீடில்லாமல் தவித்தவர்களோ ஆயிரக்கணக்கில்.

இந்தக் கணக்கைப் பொறுக்க முடியாதவர்கள் தெருவில் இறங்கினார்கள். எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராட 1987இல் உருவான 'ஆக்ட் அப்' இயக்கத்தில் வீட்டுப் பிரச்சினைக்கென்றே ஒரு குழு இருந்தது. 1989 அக்டோபர் 31 அன்று அவர்கள் ட்ரம்ப் டவருக்குள் நுழைந்து முழக்கமிட்டார்கள். ஆடம்பர மாளிகை கட்ட வரிச்சலுகை தரும் நகரத்துக்கு, சாகக் கிடப்பவனுக்கு ஓர் அறை தர மனமில்லையா என்பதே அவர்கள் கேள்வி. அந்தக் குழுவில் இருந்து வந்த கீத் சைலர், சார்லஸ் கிங், எரிக் சாயர், வர்ஜீனியா ஷூபர்ட் ஆகிய நால்வரும் 1990இல் 'ஹவுசிங் வொர்க்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்கள். மற்ற இல்லங்கள், போதைப் பழக்கத்தை விட்டுவிட்டு வா, பிறகு அறை தருகிறோம் என்று சொன்ன காலம் அது. இவர்கள் அந்த வரிசையைத் திருப்பினார்கள்: முதலில் அறை, மற்றதைப் பிறகு பேசலாம். பழைய துணியும் பழைய புத்தகமும் விற்றுப் பணம் திரட்டினார்கள். சைலரே எய்ட்ஸுடன் வாழ்ந்தவர். 2004இல் மறைந்த அவர் பெயரை நகரின் கிழக்கு 9ஆம் தெருவில் உள்ள இல்லம் இன்று தாங்கி நிற்கிறது.

தெருவில் போராடியவர்கள் நீதிமன்றத்தையும் விடவில்லை. 1994இல் மேயரான ருடால்ஃப் ஜூலியானி, எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று நகரம் நடத்திய தனிப் பிரிவைக் கலைக்க முயன்றார். மறு ஆண்டு தொடுக்கப்பட்ட வழக்குதான் 'ஹென்றியட்டா டி.' வழக்கு. இந்தக் கதையிலேயே மிக முக்கியமான கட்டம் இது என்பேன். நகரத்தின் வாதம் எளிமையானது: எல்லா ஏழைகளுக்கும் இருக்கும் உதவிகள்தான் இவர்களுக்கும் இருக்கின்றன, பாகுபாடு எங்கே? நீதிமன்றம் நோயாளியின் உடம்பைப் பார்த்தது. நாலு அலுவலகம் ஏறி இறங்கி, மணிக்கணக்கில் வரிசையில் நிற்க அந்த உடம்புக்கு வலு இல்லை. கூட்டம் நிறைந்த காத்திருப்பு அறையில் யாரோ இருமினால் அதுவே அவருக்கு ஆபத்து. எல்லோருக்கும் ஒரே வரிசை என்பது நிற்க முடியாதவரை வெளியே தள்ளுகிறது. உதவி ஏட்டில் இருந்தால் போதாது, உடல் இயலாதவரின் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கேட்பது அதைத்தான் என்று 2000இல் தீர்ப்பு வந்தது. 2003இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. 1997ஆம் ஆண்டுச் சட்டமும் இதே எண்ணத்தில்தான் ஓர் ஊழியருக்குச் சராசரியாக 34 பேர், குடும்பங்கள் என்றால் 25, அதற்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது.

எதிர்த்துப் பேசியதற்கு விலையும் இருந்தது. ஹவுசிங் வொர்க்ஸுக்கு நகரம் கொடுத்துவந்த ஒப்பந்தங்கள் பறிபோயின. இது பழிவாங்கல் என்று அமைப்பு வழக்காடியது. 2005இல் நகரம் 48 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

வீடு மருந்தாக வேலை செய்யுமா? சிகாகோவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். நாள்பட்ட நோயுடன் மருத்துவமனைக்கு வந்த வீடற்றவர்கள் 407 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வீடும், உடனிருந்து கவனிக்க ஓர் ஊழியரையும் தந்தார்கள். 2009இல் முடிவுகள் வெளிவந்தன. வீடு கிடைத்தவர்கள் மருத்துவமனையில் படுத்த நாட்கள் 29% குறைவு. அவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தனியே பார்த்தபோது, ஓராண்டு முடிவில் எதிர்ப்பாற்றல் குலையாமல் உயிரோடு இருந்தவர்கள் 55%. வழக்கமான உதவி மட்டும் பெற்ற பிரிவில் அது 34%. மருந்தை வேளை தவறாமல் விழுங்க ஒரு மேசையும், கட்டிலும், திருட்டுப் போகாத அலமாரியும் வேண்டும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நியூயார்க்கில் ஒரு கொடிய விதி 2016 வரை இருந்தது. எச்.ஐ.வி. இருப்பது மட்டும் போதாது, நோய் முற்றி அறிகுறி தெரிந்தால்தான் நகரத்தின் வீட்டு உதவி. நன்றாக இருக்கும் உடம்பு கெடும்வரை காத்திருக்கச் சொன்ன விதி அது. இன்னொன்று வாடகை. ஊனமுற்றோர் உதவித்தொகையை நம்பி வாழ்ந்தவர்கள், அதில் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு நாளுக்குச் சுமார் 12 டாலரில் காலம் தள்ளினார்கள். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை கூடாது என்ற மசோதாவை 2010இல் மாநில ஆளுநர் தடுத்துவிட்டார். 2014இல் அது ஒருவழியாக நடைமுறைக்கு வந்தபோது பத்தாயிரம் பேருக்கு மூச்சு வந்தது. இரண்டு மாற்றத்துக்கும் பின்னால் நின்றவர்கள் நோயாளிகளேதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி 1986இல் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த நம் எச்.ஐ.வி. சட்டம், பாசிட்டிவ் என்பதற்காக ஒருவருக்கு வாடகை வீடு மறுப்பதையும், குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் தடை செய்கிறது. ஒரே கழிப்பறையைப் புழங்குவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ இந்தக் கிருமி தொற்றாது. 'டு-லெட்' பலகை மாட்டியிருக்கும் வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வாசலில் வந்து நிற்பவர் கையில் மருந்துப் பை இருந்தாலும், வாடகையும் அட்வான்ஸும் பேசிச் சாவியைக் கொடுங்கள்.