முடிச்சும் பிடிப்பும்

முடிச்சுப் போடத் தெரியாதவர் நம்மில் யார் உளர்? பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்து சேர்ந்தவர்கள்தாமே நாம்! ஆயினும், எந்தச் சுமைக்கு எந்த முடிச்சு என்று கேட்டால் விழிப்போம். 'இன்னொரு முடி போட்டு இறுக்கு' என்பதே நாம் அறிந்த சாத்திரம். இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அதைச் சற்று ஆராய விரும்புகிறேன்.

இவ்வூர்த் தசராவையே எடுத்துக்கொள்வோம். விசயதசமியன்று யானை சுமக்கும் பொன் அம்பாரியின் எடை ஏறக்குறைய 750 கிலோ. அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோமீட்டர் தொலைவு அது அசைந்தசைந்து செல்கிறது. முதுகில் மெத்தை பரப்பி, அதன்மேல் அம்பாரியை வைத்துக் கயிறுகளால் பிணைக்கிறார்கள். அசைவுக்கு அசைவு ஒரு பக்கக் கயிறு இறுகும், மறுபக்கம் தளரும். கட்டு நழுவினால் யானைக்கும் கேடு, கூட்டத்துக்கும் கேடு. அதனாலன்றோ பல வாரங்களுக்கு முன்பே மணல் மூட்டைகளையும், பின்னர் மர அம்பாரியையும் ஏற்றிப் பழக்குகிறார்கள்!

கட்டைத் தாங்குவது எது? முடிச்சு என்போம். உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செய்வது சுற்றே. கம்பத்தைச் சுற்றச் சுற்றக் கயிற்றின் பிடிப்பு கூட்டலாக அன்று, பெருக்கலாக வளர்கிறது. உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால், ஒரு முழுச் சுற்று நம் கைவிசையைப் போல் 6.6 மடங்கு இழுப்பைத் தாங்கும். இரு சுற்று 43 மடங்கு. மூன்று சுற்று ஏறத்தாழ 285 மடங்கு! கம்பம் பருத்ததா, மெலிந்ததா என்பது இக்கணக்கில் வாராது. வழவழப்பான நைலான் கயிற்றுக்குக் கெழு குறைவு. ஆகவே சுற்று மிகுதியாக வேண்டும். நுனி நழுவாமல் காப்பதே முடிச்சின் கடமை.

இனி, தேர்வு. இழுப்பு எத்திசையில் என்பதே முதற்கேள்வி. சுமையை நோக்கிச் செல்லும் பகுதியைத் தாய்க்கயிறு என்று வைத்துக்கொள்வோம்.

கம்பத்துக்குக் குறுக்கே இழுக்கும் பந்தல் கயிறு, படகு போன்றவற்றுக்கு இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியால் தாய்க்கயிற்றை வளைத்து இடைவெளியில் நுழைத்து இறுக்குங்கள். மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்யுங்கள். சுமை இழுத்துக்கொண்டிருக்கும்போதும் இதனை அவிழ்க்கலாம்.

கம்பத்தின் நீளவாக்கில் இழுப்பு இருந்தால், இழுக்கும் பக்கமாக இரண்டு சுற்று, தாய்க்கயிற்றின்மேல் ஏறுமாறு சுற்றுங்கள். மூன்றாவதை மறுபக்கம் சுற்றி, நுனியை அதன் அடியிலேயே நுழைத்து இறுக்குங்கள்.

மரக்கட்டையை இழுக்க வேண்டுமா? கயிறு கட்டையைச் சுற்றி வந்ததும் தாய்க்கயிற்றை ஒருமுறை வளைத்து, நுனியைத் தன்மீதே மூன்று நான்கு முறை முறுக்கிவிடுங்கள். முறுக்கு கட்டையோடு ஒட்டி நசுங்கியிருக்க வேண்டும். இழுக்க இழுக்க இறுகும். இழுப்பு நின்றால் தளரும். ஆதலால் விட்டுவிட்டு இழுபடும் சுமைக்கு இது ஆகாது.

இரு வளையங்களை மாட்டி இறுக்கும் எளிய முடிச்சை நாம் அனைவரும் போடுகிறோம். நிலையான இழுப்பில் அது நன்கு பிடிக்கும். குலுங்கும் சுமையிலோ மெல்ல மெல்ல நெகிழும். ஓடும் வண்டியின்மேல் அதை மட்டும் நம்பலாகாது.

இரண்டு கஜக் கயிறும் ஒரு நாற்காலிக் காலும் விடுதியில் கிடைக்காமலா போகும்? சுற்றுங்கள், இழுங்கள், உலுக்குங்கள். ஒரு சுற்றுக்கும் இரு சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கையே சொல்லும்.