இல்லம் நீங்கிய இளையோரும் நம் கடமையும்

கண்டி மாநகரின் குட்செட் பேருந்து நிலையத்திலே, சிறு பையொன்றுடன் நிற்கும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போமாக. பெற்றோரை இழந்தோ, வறுமையின் பொருட்டோ, சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவன் அவன். இலங்கையிற் பராய வயது 1989ஆம் ஆண்டில் 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வயது நிறைந்ததும் இல்லத்தை விட்டு நீங்குதலே பெருவழக்கு. செல்லுமிடம் யாது?

இத்தகையோரைக் குடியும் பாலியல் நோயும் எளிதிற் பற்றுவதற்கு ஒழுக்கக் குறைவே காரணம் என்பர் சிலர். அது பொருந்தாது. மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உண்டவனுக்குத் தானே முடிவு செய்யும் பயிற்சி வாய்த்திலது. உறங்க இடமற்றவன், இடம் தருபவன் நீட்டும் மதுவையும் அதற்கு ஈடாகக் கேட்பதையும் மறுத்தல் அரிது. பெண்ணாயின் இடர் இன்னும் பெரிது. மது அறிவை மயக்க, ஆணுறையும் மறக்கப்படுகின்றது. புகலின்மை என்னும் ஒரே வேரிற் கிளைத்தவை இவ்விரு கேடுகளும்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்றலைத் தடுக்கின்றது. கசிப்பு விற்பவனோ வயது கேட்பதில்லை. ஆதலின் 18க்கும் 21க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வேண்டுவது தடை மட்டுமன்று, துணையுமாம். இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறுவர் நீதிச் சட்டம் இல்லம் நீங்குவோர்க்குப் பின்காப்பு உதவியை வகுத்துள்ளது. இங்கிலாந்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையோர்க்குத் தனி ஆலோசகரை அளித்தது.

அறிவுரை கூறும் முறையும் கருதற்பாலது. கடிந்துரைத்தலை விடுத்து, 'நீ விரும்பும் வாழ்வு யாது? குடி அதற்கு உதவுமா?' என வினவி, விடையை அவன் வாயாலேயே வரச்செய்யும் முறையை 1983இல் அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் எடுத்துரைத்தார். நோயறிவும் மறையாது புகட்டப்பட வேண்டும். சிபிலிசு நோயின் முதற்புண் பெரும்பாலும் வலியற்றது. தானே ஆறினும் கிருமி உடலில் நிலைத்திருக்கும். இரத்தப் பரிசோதனையால் அதனை அறியலாம், பெனிசிலினால் தீர்க்கலாம். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இவை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகின்றன.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், பெரியாரைத் துணைக்கோடலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தனர். முன்னதைப் போதிக்கும் நாம் பின்னதற்கு வழி செய்தோமா? ஆசிரியர்காள்! பழைய மாணவர்காள்! வாடகைக்கு ஓர் அறை, பழகுதற்கு ஒரு தொழில், தைப்பொங்கலன்று உரிமையோடு செல்ல ஒரு வீடு: இவற்றை ஓர் இளைஞனுக்கேனும் அளித்தல் நம்மால் இயலாததன்று.