ஆகாயத்தில் அபாயம் நேரின்

ரஞ்சன்குடிக் கோட்டை மதில்மீது நின்று, சிறகசையாது வட்டமிடும் பருந்தை நோக்குங்கால் நமக்கும் பறக்கும் ஆசை எழுகின்றது. அவ்வாசையை நிறைவேற்றுவது பாராகிளைடர். நம் நாட்டிலும், இமயச் சாரலிலுள்ள பீர்-பில்லிங்கில், 2015-ஆம் ஆண்டு அதன் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது.

அதன் துணிச்சிறகு, உள்ளே நிறைந்த காற்றினாலேயே உருவம் பெற்று நிற்பது. காற்றுக் குழப்பத்தில் ஒரு பக்கம் மடியின், அப்பக்கமாகவே அது திரும்பும். உடனே மடிந்ததை விரிக்க முனைதல் தவறு. விரிந்த பக்கத்தில் உடற்பாரத்தைச் சாய்த்து, அப்பக்கத்துப் பிரேக்குக் கயிற்றை அளவாய் இழுத்து, முதலில் திசையைக் காத்தல் வேண்டும். பின்னரே மடிந்ததை விரித்தல் தகும். அச்சத்தால் மிகுதியாய் இழுப்பின் விரிந்த பக்கமும் பறக்கும் ஆற்றலை இழக்கும். சுழற்சி அடங்காவிடின், உயரம் உள்ளபொழுதே காப்புப் பாராசூட்டை வீசுதல் கடமை. தரை நெருங்கியபின் அது விரிய இடமிராது.

ஆதலின் இவ்வரிசையைத் தரையிலேயே, தக்க ஆசிரியரிடம், நாம் பலகாற் பயிலுதல் வேண்டும். ஆகாயத்தில் ஆலோசனைக்கு அவகாசமில்லை.