'மெட்டி ஒலி' சிதம்பரம்: டெல்லி குமாரை நாம் ஏன் கொண்டாடவில்லை?

'மெட்டி ஒலி'ன்னு சொன்னதும் டைட்டில் பாட்டுக்கு ஆடிய சாந்தி மாஸ்டர் ஞாபகத்துக்கு வருவார். அப்புறம் கோபி, மாணிக்கம், போஸ். ஆனால், 2002 முதல் 2005 வரை சன் டிவியில் 800 எபிசோடுகளைத் தாண்டி ஓடிய அந்தக் கதையைத் தாங்கிப் பிடித்தவர், ஐந்து மகள்களின் அப்பா சிதம்பரமாக நடித்த டெல்லி குமார்.

அப்படி என்ன செய்தார்?

எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்டார். அவ்வளவுதான். மனைவியை இழந்து, பெண்களைக் கரையேற்றப் போராடும் அப்பா, சம்பந்தி வீட்டில் எப்படி நிற்பார்? குரல் தானாகவே தாழும், தோள் சுருங்கும். அதை வசனமே இல்லாமல் காட்டினார்.

இது அவ்வளவு கஷ்டமா?

சீரியலில் ரொம்பவே கஷ்டம். தினமும் ஒரு எபிசோடு போயாகணும். அதனால் ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்தாகணும், ஒத்திகைக்கு நேரம் இருக்காது. ஒருவர் பேசி முடித்ததும் எல்லார் முகத்தையும் வரிசையாக குளோஸ்-அப்பில் காட்டுவாங்க. பின்னணியில் இடி இடிக்கும். அந்த இரண்டு விநாடியில் கண்ணை உருட்டிவிட்டுப் போவது சுலபம். டெல்லி குமார் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். இடிச்சத்தத்தைவிட அதுதான் நம்மை உலுக்கும்.

பிறகு ஏன் பேசப்படவில்லை?

சீரியலில் மீம் ஆவது வில்லன்கள்தான். 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனாக மறைந்த மாரிமுத்துவுக்குக் கிடைத்த கொண்டாட்டம் நியாயமானது. ஆனால் அடங்கிப்போகும் நல்ல மனிதரை யாரும் கட் பண்ணி ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. நல்லாவே நடித்தாலும், "அவர் இயல்பே அப்படித்தான்"னு நினைத்துவிடுகிறோம்.

இன்றைக்குப் பார்த்தால் எப்படி இருக்கும்?

2020 ஊரடங்கில் தொடர் மறுபடி ஒளிபரப்பானது. இன்றைய கண்ணுக்குக் கோபம்கூட வரலாம். சரோஜா மாமியார் வீட்டில் அவ்வளவு படும்போது, "பொண்ணைக் கூட்டிட்டு வந்துட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். டெல்லி குமாரின் முகத்திலும் அதே கேள்வி இருக்கும். பொறுமையைப் பெருமையாக அவர் காட்டவில்லை. வேறு வழி தெரியாத ஓர் அப்பாவின் தோல்வியாகக் காட்டினார்.

அடுத்த முறை 'மெட்டி ஒலி' கண்ணில் பட்டால், பேசுபவரை விட்டுவிட்டு, ஓரமாக நிற்கும் சிதம்பரத்தைப் பாருங்க.